ரெண்டரை இன்ச்

எங்க ஊர் பேரைச் சொன்னாலே காலேஜில் பாதிப் பேர், "சிட்டிசன் படத்துல மேப்லேர்ந்து காணாமப் போச்சே, அந்த ஊரா மச்சி?" என்று கேட்பார்கள். அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். எங்களுது அத்திப்பட்டு, நிஜம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்த ஸ்டேஷன் நாங்க. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான் எங்களுக்கு லேண்ட்மார்க். காலையில் வெள்ளைச் சட்டையைக் காயப் போட்டால் சாயங்காலம் யூனிஃபார்ம் கலரில் எடுக்கலாம். காமராஜர் துறைமுகம் ஒரு பக்கம், காட்டுப்பள்ளி இன்னொரு பக்கம், நடுவில் ரோடு முழுக்க டிரெய்லர் லாரி.

அந்த டிரெய்லர்களில் ஒன்றை 22 வருஷம் ஓட்டியவர் எங்க அப்பா. போன வருஷம் திடீரென்று ஒருநாள், "போதும்டா, போர் அடிச்சிடுச்சு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஒரு யார்டில் கேட் கிட்ட உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறார். சம்பளம் பாதிக்கும் கீழே. அந்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட லேட்டாகி, ஃபைனோடு கட்டினேன். அன்றைக்கு வீட்டில் கத்திய கத்தலில் நான் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். "சோம்பேறி" என்று அர்த்தம் வரும் வார்த்தை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்களிடம் ஒரு மாருதி 800 இருக்கிறது. 2005 மாடல், நாலு கியர், சிலேட் கலர். அப்பா லாரியில் சம்பாதித்த காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 20 வருஷம் ஓடிய வண்டிக்கு என்னென்ன வருமோ எல்லாம் வந்திருந்தது. அதில் டாப், கியர் ராடு. பாயசத்தில் கரண்டி விட்டுக் கிளறுவது மாதிரி ஆடும். நியூட்ரலில் இருக்கிறதா, கியரில் இருக்கிறதா என்று ராடுக்கே தெரியாது. மூணாவது என்று நினைத்துத் தள்ளினால் ஒண்ணாவதில் போய் உட்கார்ந்து, வண்டி தலைகுனிந்து வணக்கம் சொல்லும். ஒருநாள் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் போனபோது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "டேய், இது கியர் ராடா, இல்ல உங்க ஆயாவோட உலக்கையா?"

செம பல்பு. அன்றைக்கு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன், ஷார்ட் ஷிஃப்டர் போட்டே தீருவது என்று.

தெரியாதவர்களுக்காக... ஷார்ட் ஷிஃப்டர் என்பது கியர் ராடை அதிக தூரம் தள்ளாமல் 'டக் டக்' என்று மாற்ற வைக்கிற சமாச்சாரம். ரேஸ்காரர்களின் ஐட்டம். நம்ம பட்ஜெட்டில் 800-க்குக் கிட்டெல்லாம் தேடுவது வேஸ்ட். ஆனால் நான் யார்? மூணாம் வருஷம் மெக்கானிக்கல். (ரெண்டு அரியர். அது இப்போ வேண்டாம்.) நெம்புகோல் தத்துவம் எட்டாம் கிளாஸிலேயே படித்தாச்சு. ராடின் உயரத்தைக் குறைத்தால் குமிழ் நகரும் தூரமும் குறையும், அவ்வளவுதானே? இந்தியாவின் முதல் எஃப்-1 டிரைவர் நாராயண் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிய ஃபார்முலா மாருதி ரேஸ் காருக்கு எஞ்சின் எது தெரியுமா? இதே 800-ஓட எஞ்சின்! அவர் எஃப்-1-க்குப் போனது 2005, எங்க வண்டி மாடலும் 2005. இதுக்கு மேல் எனக்கு என்ன சகுனம் வேணும்?

அப்பா நைட் ஷிஃப்ட் போன நேரமாகப் பார்த்து ராடைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மேலே ரெண்டரை இன்ச் வெட்டி, முனையில் புதுசாக த்ரெட் போட்டுக் கொடுத்தார்கள். 150 ரூபாய். ஜி.பி. ரோடில் 350 ரூபாய்க்குக் கனமான ஸ்டீல் குண்டு ஒன்று வாங்கி மேலே மாட்டினேன். ஏதோ வெளிநாட்டு வண்டி மாதிரி இருந்தது. வெட்டின துண்டை ஞாபகார்த்தமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ரெண்டு நாள் நான் விட்ட பீட்டர் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா முதல் தடவை ஏறி உட்கார்ந்ததும் அந்தக் குண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் திட்டுக்கு ரெடியாக நின்றேன்.

"வெயில்ல நிறுத்தினா இது சுடும்டா" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு கர்சீஃபை எடுத்து அதன் தலையில் கட்டினார். என் ரேஸ் கார் பல்வலி வந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஆயாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில், ஆயா பின்னாடி. ரோடில் வழக்கம்போல டிரெய்லர் வரிசை. பத்தடி நகரும், நிற்கும், பத்தடி நகரும். ஒண்ணு, நியூட்ரல், ஒண்ணு, ரெண்டு, நியூட்ரல். அப்பா ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும் உடம்பையே சாய்த்துப் போட்டார். ராடு குட்டையாகிவிட்டதால் குனிந்து எட்ட வேண்டியிருந்தது. நாலாவதோ ஐந்தாவதோ தடவை ஒண்ணாவது விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். விழவில்லை. பின்னாடி நின்ற டிரெய்லர்காரன் ஏர் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். அப்பா ஸ்டீரிங்கை விட்டுவிட்டு, வலது கையைக் குறுக்கே கொண்டு வந்து, ரெண்டு கையாலும் ராடைத் தள்ளினார். முகம் முழுக்க வேர்வை. அது வெயில் வேர்வை இல்லை.

கொஞ்ச தூரம் போய் ஓரம் கட்டினார்.

"இறங்கி இப்படி வா. நீ ஓட்டு."

40 அடி டிரெய்லரை ரிவர்ஸில் ஒரே தூக்கில் சந்துக்குள் விடுகிற மனுஷன்! நான் ஓட்ட ஆரம்பித்த பிறகும் அவர் இடது கையைத் தொடையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். பேசவில்லை. ஆயாதான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னது: "அவனுக்குக் கை தூக்க முடியலடா ஒரு வருஷமா. காலைல சட்டைகூட உங்கம்மாதான் மாட்டி வுடறா. உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். சத்தியமாகத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஆயாவோடு சேர்த்து அப்பாவுக்கும் சீட்டு போட்டோம். ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். தோள் மூட்டைச் சுற்றியிருக்கிற உறை இறுகிப்போய் கை ஒரு அளவுக்கு மேல் தூக்க வராது, ராத்திரி வலி தூங்க விடாது. சுகர் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். அப்பாவுக்கு எட்டு வருஷமா சுகர். சரியாக மாசக் கணக்கு ஆகும், சிலருக்கு ஒண்ணு ரெண்டு வருஷம்கூட ஆகும், சுவரில் விரலை மேலே மேலே நடக்க விடுகிற எக்சர்சைஸை விடாமல் செய்யணும் என்று சொல்லிக் கொடுத்தார். 'போர் அடிச்சிடுச்சு' என்பதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. நான் சொன்ன அந்த வார்த்தையும் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் மீஞ்சூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். எழுபது வயசு இருக்கும். சின்ன வயசில் சோழவரம் ரேஸ் பார்க்க சைக்கிள் மிதித்துப் போனவராம். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில், 1980-கள் வரைக்கும் கார் ரேஸ் நடந்த இடம் அது. அப்புறம்தான் ரேஸெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. என் ஸ்டீல் குண்டை அவர் பார்த்த பார்வை இருக்கே... அரியர் பேப்பரை ஹெச்.ஓ.டி. பார்ப்பது மாதிரி.

"தலவலின்னு வந்தவன் தலைய வெட்டிக்கினியே தம்பி" என்றார்.

வண்டிக்கு அடியில் படுத்து என்னையும் படுக்கச் சொன்னார். 800-இல் கியர்பாக்ஸ் முன்னாடி எஞ்சினோடு இருக்கிறது. நாம் பிடிக்கிற ராடு நடுவில். ரெண்டையும் இணைப்பது கீழே ஓடுகிற நீளமான இரும்புத் தண்டு. அது சேருகிற இடங்களில் சின்னச் சின்ன புஷ், ராடின் அடியில் உருண்டைக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். எங்க வண்டியில் புஷ் தேய்ந்து, கிண்ணம் விரிந்து, நாம் தள்ளுவதில் பாதி அங்கேயே செலவாகிக்கொண்டிருந்தது. பாயசம் அங்கேதான் இருந்தது. நான் வெட்டியது கரண்டியை!

கணக்கையும் அவரே போட்டார், சாக்பீஸால் தரையில். உதாரணத்துக்கு, தாங்குப்புள்ளிக்கு மேலே ராடு 30 சென்டிமீட்டர், கீழே 6 என்று வைத்துக்கொண்டால், கையின் பலம் ஐந்து மடங்காகக் கீழே போகும். மேலே 6 சென்டிமீட்டரை வெட்டினால் நாலு மடங்குதான். தள்ளுகிற தூரம் 20 சதவீதம் குறையும், கை கொடுக்க வேண்டிய பலம் 25 சதவீதம் கூடும். தூரம் குறைவதை மட்டும் நான் பார்த்தேன். எட்டாம் கிளாஸ் பாடத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறேன் போல. பலத்தைக் கூட்டி அவசரமாகத் தள்ளினால் உள்ளே சின்க்ரோனைசர் ரிங் வேறு தேயும். சுற்றுகிற வேகங்களை உரசி உரசி ஒன்றாக்கிய பிறகு பல்லை மாட்ட விடுகிற பித்தளை வளையம் அது. அதற்கு ஒரு நொடி அவகாசம் கொடுக்கணும்.

"லாரில ராடு ஏன் அவ்ளோ நீளம்? அழகுக்கா? உங்கப்பாவைக் கேளு" என்றார்.

பிறகு கதைகள். அம்பாசிடரில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்குமே ஹேண்ட் கியர், அதன் ஜாயின்ட்டுகள் தேய்ந்தால் கியர் தேடுவது கிணற்றில் வாளி தேடுவது மாதிரியாம். 1990-களில் இஸுஸு எஞ்சினோடு தரையில் கியர் வந்த பிறகு, பழைய வண்டிக்கும் தரை கியர் மாற்றித் தரச் சொல்லி இவரிடம் வந்திருக்கிறார்கள். மாற்றியவர்களில் சிலர் மறுபடி வந்து புலம்பினார்களாம், முன்சீட்டில் மூணு பேர் உட்கார முடியவில்லை என்று! திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-இல் வந்த லேன்சரின் கியரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையை அசைத்துக் காட்டினார். வெண்ணெயாம். அம்பாசிடரும் மாருதி 800-ம் ஒரே வருஷம், 2014-இல், உற்பத்தி நின்றுபோனது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அதே வருஷம்தான் இந்தியாவில் செலிரியோவில் ஏ.எம்.டி. வந்தது. கிளட்சும் இல்லை, ராடைத் தேடுகிற வேலையும் இல்லை. அப்பா கைக்கு அதுதான் சரி, ஆனால் எங்க பர்ஸுக்கு இல்லை.

வெட்டின ராடை ஒட்ட வைக்கலாமா என்று கேட்டேன். வெல்டிங் வேண்டவே வேண்டாம், புதுப்பேட்டையில் முழு ராடே கிடைக்கும் என்றார். சனிக்கிழமை போனேன். கழற்றிய வண்டிகளின் காடு அது. மூணு கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் 400 ரூபாய் சொன்னதை 250-க்குப் பேசி வாங்கினேன். குமிழ் சாதா கறுப்பு பிளாஸ்டிக். புஷ், கிண்ணம், கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து என் செல்போன் மாற்றுகிற கனவு ஆறு மாசம் தள்ளிப்போனது.

மாட்டி முடித்ததும் மெக்கானிக் என்னைத்தான் ஓட்டச் சொன்னார். ரெண்டே விரல். 'க்ளிக்'. ரெண்டாவது விழுந்தது எனக்கே தெரிந்தது. உலக்கை அதே உயரம்தான், ஆனால் ஆட்டம் இல்லை. நான் தேடிய 'டக் டக்' இத்தனை நாள் வண்டிக்கு அடியில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரோடு கொஞ்சம் காலியாக இருக்கும்போது, அப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். உள்ளங்கையைக் குமிழ் மேல் வைத்து, தோளை அசைக்காமல், முழங்கையிலிருந்து மட்டும் தள்ளினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நந்தியம்பாக்கம் வரைக்கும் ஒண்ணும் பேசவில்லை.

"லாரில ராடு ஏன்பா அவ்ளோ நீளம்?" என்று கேட்டேன்.

"கை ரொம்ப நாள் வரணும்ல" என்றார்.

அன்றைக்கு மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. "ஃபீஸ் அன்னிக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். "முன்னாடி பாரு, மாடு போவுது" என்றார். மாடு நிஜமாகவே போனது.

இப்போது வார நாளில் அவரை யார்டில் விட்டுவிட்டு நான் ரயில் பிடிக்கிறேன். போகும்போது நான்தான் ஓட்டுவேன், கை முழுசாகச் சரியாகும் வரை. வீட்டு ஹாலில் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறோம், அவர் விரல் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்க. அந்த ரெண்டரை இன்ச் துண்டு அம்மாவிடம் இருக்கிறது, இஞ்சி தட்ட. டிரெய்லர் வரிசையில் மாட்டும்போது பக்கத்து சீட்டில் அப்பாவின் இடது கை தொடை மேலே தானாக அசையும். நான் ஒரு நொடி லேட் பண்ணினால் போதும்.

"ரெண்டு போடுடா... ரெண்டு. அழுத்தாத."