ஏழரை மில்லி

1/ காய்ச்சல் சீசன், திங்கட்கிழமை மதியம். எங்க கிளினிக்ல மருந்து எடுத்துக் கொடுக்கிற சிஸ்டர் ஒரு சீட்டோட உள்ளே வந்தாங்க. "டாக்டர், பாராசிட்டமால் ட்ராப்ஸ் ஒரு வேளைக்கு ஏழரை மில்லின்னு வந்திருக்கு. பாட்டிலே 15 மில்லிதானே?"

குழந்தையோட எடை 10 கிலோ. கொடுக்க வேண்டியது ஒன்றரை மில்லி.

2/ அந்தச் சீட்டை அடிச்சது நானே எழுதின ஒரு சின்ன புரோகிராம். எடையைப் போட்டா, கிலோவுக்கு 15 மி.கி. கணக்குல எத்தனை மில்லின்னு சொல்லும். ரெண்டு வருஷமா ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி, ஞாயித்துக்கிழமை ஓய்வுல, அதை 'சுத்தம்' பண்ணினேன். ஏழரை அப்போதான் வந்து உட்கார்ந்துச்சு.

3/ இந்தச் சுத்தம் பண்ற வேலைக்கு ரீஃபாக்டரிங்னு பேர். 1999-ல மார்ட்டின் ஃபௌலர் எழுதின புத்தகத்தால பரவலான சொல். புரோகிராம் செய்யுற வேலை மாறாம, உள்ளே இருக்கிற கோடை மட்டும் ஒழுங்குபடுத்தணும். அடுக்களையை மாத்தி அடுக்கலாம், குழம்போட ருசி மாறக்கூடாது.

4/ நான் ருசியை மாத்திட்டேன். சிரப்புல 5 மில்லிக்கு 125 இல்லைன்னா 250 மி.கி. மருந்து இருக்கும். ட்ராப்ஸ்ல 1 மில்லிக்கே 100 மி.கி. மூணு இடத்துல ஒரே மாதிரி தெரிஞ்ச கணக்கை ஒண்ணா சேர்த்தேன். ட்ராப்ஸையும் '5 மில்லிக்கு 100' ஆக்கிட்டேன். அளவு 5 மடங்காயிடுச்சு.

5/ கம்ப்யூட்டரை அப்புறம் பார்த்துக்கலாம்னு காலையில போன சீட்டையெல்லாம் புரட்டினோம். இன்னொரு ட்ராப்ஸ் சீட்டு ராசிபுரம் பக்கம் போயிருந்துச்சு. அப்பா லாரியில வெளியூர். அம்மாதான் போனை எடுத்தாங்க. "இன்னும் கொடுக்கலைங்க டாக்டர். ஃபில்லர்ல 1 மில்லிக்கு மேல கோடே இல்லை. 6 மில்லி எப்படி ஊத்தறதுன்னு உங்களையே கேக்கலாம்னு இருந்தேன்."

அந்த அளவுல ஒரு நாளைக்கு 4 வேளை உள்ளே போயிருந்தா, குழந்தையோட கல்லீரலுக்கே ஆபத்து.

6/ அப்புறம்தான் கம்ப்யூட்டர். என் கோட் 'கிட்'ல இருக்கு. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல எழுதினது. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, பேர், ஒரு குறிப்போட சேமிச்சு வைக்கும். கேஸ் ஷீட் மாதிரிதான். கேஸ் ஷீட்ல நாங்க எதையும் அழிக்க மாட்டோம். ஒரு கோடு போட்டு அடிச்சு, கையெழுத்து வெச்சு, பக்கத்துல புதுசா எழுதுவோம். ரெண்டு நிமிஷத்துல சனிக்கிழமை இருந்த வடிவம் திரும்ப வந்துடுச்சு.

7/ ராத்திரி உட்கார்ந்து பழைய வரலாற்றைத் தோண்டினேன். எந்த வரியை யார், எப்போ எழுதினாங்கன்னு கிட் காட்டும். நான் தேவையில்லைன்னு தூக்கின ட்ராப்ஸ் வரிக்கு ஒரு குறிப்பு இருந்துச்சு: "ட்ராப்ஸ் 1 மில்லிக்கு 100. சிரப்போட சேர்க்காதே." எழுதினது நானேதான், 14 மாசம் முன்னாடி.

பழைய ஃபைலைப் பார்க்காம ஒரு நோயாளியோட மாத்திரையை நிறுத்துவேனா? கோடுல அதைத்தான் செஞ்சிருக்கேன்.

8/ இன்னொரு தப்பும் இருக்கு. கணக்கைச் சேர்த்தது, பேர்களை மாத்தினது, சீட்டோட அமைப்பை மாத்தினது எல்லாத்தையும் ஒரே மூட்டையா சேமிச்சிருந்தேன். குறிப்பு: "சுத்தம் செய்தேன்." ஒரே நாள்ல அஞ்சு மருந்தை மாத்திட்டு, தடிப்பு எதனால வந்துச்சுன்னு தேடுற கதை.

9/ மருத்துவத்துல இதுக்கு ஒரு பெரிய பாடம் உண்டு. தெராக்-25ங்கிற கதிர்வீச்சு இயந்திரம். 1985-லிருந்து 87-க்குள்ள அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ஞ்சுது. சிலர் இறந்தே போனாங்க. முந்தைய மாடலோட மென்பொருள்லயும் கோளாறு இருந்திருக்கு. ஆனா அதுல தனியா பாதுகாப்புப் பூட்டுகள் இருந்ததால வெளியே தெரியலை. புது மாடல்ல அந்தப் பூட்டுகளை எடுத்துட்டு மென்பொருளை மட்டும் நம்பினாங்க.

எங்க கிளினிக்ல அன்னிக்கு அந்தப் பூட்டு எங்க சிஸ்டர். ராசிபுரத்துல அந்த அம்மா.

10/ இப்போ என் பழக்கம்: ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். கையால கணக்குப் போட்டு வெச்ச 20 எடைகளுக்கு விடை சரியா வந்தாத்தான் சேமிப்பேன். குறிப்புல 'என்ன'வோட 'ஏன்' இருக்கணும். ஒரு வரியைத் தூக்குறதுக்கு முன்னாடி அதோட வரலாற்றைப் படிக்கணும். கிளினிக் நேரத்துக்கு முந்தின ராத்திரி கோடைத் தொடவே கூடாது.

11/ பெற்றோருக்கு ஒண்ணு சொல்லணும். ட்ராப்ஸ் வேற, சிரப் வேற. ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்கு ஊத்தாதீங்க. பாட்டில்ல 'எத்தனை மில்லிக்கு எத்தனை மி.கி.'ன்னு போட்டிருக்கும், பாருங்க. சீட்டுல இருக்கிற அளவு வழக்கத்துக்கு மாறா தெரிஞ்சா, கொடுக்காம போன் பண்ணிக் கேளுங்க. டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. அந்த அம்மா கேக்கணும்னு நினைச்சதாலதான் நான் இன்னிக்கு இதை நிம்மதியா எழுதிட்டு இருக்கேன்.