நிலையத்திற்கு எதிரே ஒரு நூலகம்

பழைய டில்லி ரயில் நிலையத்திற்கு எதிரே இருக்கிறது டில்லிப் பொது நூலகம். யுனெஸ்கோவின் துணையுடன் உருவான இதனை 1951-ஆம் ஆண்டு நேரு திறந்து வைத்தார். சிறுவருக்குப் புத்தகம் கொடுப்பதோடு நில்லாமல், கதை சொல்லும் வழக்கமும் அங்கு ஆரம்ப ஆண்டுகளிலேயே ஏற்பட்டது. ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அதன் வாயிலை எத்தனையோ முறை கடந்திருந்தும், ஆறு வயது மகளுடன் உள்ளே நுழைந்தது அண்மையில்தான். அவள் எடுத்தவை எல்லாம் இந்திப் புத்தகங்கள்.

அன்றிரவு வடை திருடிய காகத்தின் கதையைத் தமிழில் சொன்னோம். “காகமா? கவ்வாவா?” என்றாள். நமக்குச் சுருக்கென்றது. பழைய கால அட்டவணையின் அட்டையைக் கத்தரித்துக் காகம் செய்தோம். கண்ணுக்குப் புளியங்கொட்டை. நூலை இழுத்தால் அலகு திறக்க வேண்டும் என்பது அவள் யோசனை. அலகு என்ற சொல்லை நாமே உச்சரித்துப் பல்லாண்டு ஆகியிருக்கும்! காகித வடை ஏழெட்டு முறை விழுந்தது. அத்தனை முறையும் கதையை அவளே தமிழில் மீண்டும் தொடங்கினாள்.

நம் சங்கத்து அலமாரியிலும் தமிழ்க் கதைப் புத்தகங்கள் உண்டு, பூட்டும் உண்டு. செயலாளரிடம் சாவி கேட்டிருக்கிறோம். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கத்தரிக்கோலும் கோந்தும் நாம் கொணர்வோம். அன்பர்கள் குழந்தைகளையும் பழைய அட்டைகளையும் கொண்டு வருவார்களாக.