மலையேறப் போகும் பிள்ளைக்கு எந்தச் சப்பாத்து?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்பாங் தாமான் சாகா பக்கம் போய்ப் பாருங்கள். மலையடிவாரத்தில் கார்கள் வரிசையாக நிற்கும். புக்கிட் சாகாவில் ஏறி இறங்க வந்தவர்களுடையவை அவை. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் முகத்தை விட்டுக் காலைக் கவனியுங்கள். நானூறு, ஐந்நூறு வெள்ளிச் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே, கறுப்பாக, ஒரே வார்ப்பில் செய்த ரப்பர் சப்பாத்து ஒன்றும் ஏறிக்கொண்டிருக்கும். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். பால் வெட்டப் போகும்போது நிரைக்கு நிரை போட்டு நடந்த அதே சப்பாத்துதான்.

இதற்கு இப்போது 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சபாவில் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் மூட்டை சுமப்பவர்களும் வழிகாட்டிகளும் இதைப் போட்டுக்கொண்டுதான் நாள் தவறாமல் ஏறுகிறார்கள்.

நான் இதை எழுதக் காரணம் உண்டு. என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். மாணவர்களை மலையேற்றத்துக்குக் கூட்டிப் போகிறார்களாம், நல்ல பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டுமாம். பேரங்காடியில் விசாரித்தால் ஆகக் குறைந்தது இருநூற்றுச் சொச்சம். அந்தக் காசில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத அரிசி வந்துவிடும். அடுத்த வருஷம் அவள் கால் வளர்ந்தும்விடும். பணமில்லை, போக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே நம் பிள்ளைகள் பல காரியங்களில் ஒதுங்கி நிற்கிறார்கள்?

சீனர் மளிகைக் கடையில் இருபது வெள்ளிக்குள் இந்தச் சப்பாத்து கிடைத்தது. "தோட்டத்துச் சப்பாத்தாம்மா இது? எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் மகள். என் தாயார் ஒன்றும் பேசவில்லை. சப்பாத்தை வாங்கி, மடக்கிப் பார்த்தார், அடியைத் தடவினார். "முள்ளு நல்லா இருக்கு. இது தேஞ்சா மட்டும் போடாதே பாப்பா, வழுக்கி விட்டுரும்" என்றார். இருபத்தைந்து வருஷம் பால் வெட்டியவர் சொன்னது அவ்வளவுதான்.

அவர் சொன்னதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விடியுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் இருட்டிலும் பனியிலும், மழை நனைத்த மேட்டு நிரையில், ஐந்நூறு மரத்தைச் சுற்றி வர வேண்டும். வாளி நிறையப் பாலோடு வழுக்கி விழுந்தால் அன்றைய கூலி மண்ணில் கொட்டியது போலத்தான். அப்படிப்பட்ட தரையில் பழகிய சப்பாத்து இது. ரப்பர் மிருதுவாக இருப்பதால் ஈரப் பாறையை அணைத்துப் பிடிக்கிறது. அடியிலுள்ள முள் சேற்றில் குத்தி நிற்கிறது. ஆற்றில் இறங்கினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம், துணிச் சப்பாத்தைப் போல ஊறிக் கனக்காது. (1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையகம் நெடுங்காலம் ஜாலான் அம்பாங்கில்தான் இருந்தது. அம்பாங்குக்கும் ரப்பருக்கும் உறவு புதிதல்ல.)

ஆனால் குறை இல்லாத பொருள் எது? உள்ளே மெத்தை கிடையாது. வேரும் கல்லும் பாதத்தில் உறுத்தும். கணுக்காலுக்குக் காப்பு இல்லை. மெல்லிய காலுறையோடு போட்டால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். ஆகையால் பந்து விளையாடுபவர்கள் போடும் தடித்த, நீண்ட காலுறையைக் கடைக்கே எடுத்துப் போங்கள். மாலையில் போவது நல்லது, அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். காலுறையோடு போட்டு, விரல்நுனிக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கும். முந்தின நாளே நகத்தை வெட்டிவிட வேண்டும். காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, புகையிலைத் தண்ணீரோ சோப்போ தடவினால் அட்டைத் தொல்லையும் குறையும்.

புக்கிட் சாகா போன்ற சிறு மலைக்கு இது தாராளமாகப் போதும். உலு லங்காட் பங்சுன் வழியாக 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங்குக்குப் போவதென்றால் நான் யோசிப்பேன். காடு தொடங்குமுன் கல்லும் மண்ணுமான நெடும் பாதை. மெத்தையில்லாத சப்பாத்தில் பழகாத கால் அங்கேயே நொந்துபோகும். உள்ளே ஒரு மெத்தை அட்டை வாங்கிப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஒருவருக்கு மட்டும் இது கண்டிப்பாக வேண்டாம் என்பேன். இனிப்பு நீர் உள்ளவர்களைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அந்த நோய். இந்தியர்களிடையே இன்னும் அதிகம். பாதம் மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டு, மெத்தையுள்ள சப்பாத்து வாங்குவதே சரி. அந்தச் செலவைச் செலவென்று பார்க்கக் கூடாது. புண்ணோடு யாருமே ஆற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அந்த வழியாக வரும்.

இன்னொரு வழி சொல்வார்கள்: பழைய சாமான் கடையில் பெரிய கம்பெனிச் சப்பாத்து முப்பது, நாற்பது வெள்ளிக்குக் கிடைக்குமே என்று. கிடைக்கும்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் நடு அடி ஒருவகைப் பிளாஸ்டிக் நுரை. நம் நாட்டுப் புழுக்கத்தில், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில வருஷங்களில் அது தானாகவே உதிரத் தொடங்கும். மேலே புதுசு போலத்தான் இருக்கும். பாதி மலையில் அடி கழன்று வாய் பிளக்கும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் நடு அடியை நகத்தால் அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

ரப்பர் சப்பாத்துக்கும் எதிரி உண்டு. வெயிலில் காயப் போட்டால் வெடிக்கும். எண்ணெய், பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். வெறும் தண்ணீரில் கழுவி, பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் கவிழ்த்து வையுங்கள். என் மகளுடையது இப்போது அப்படித்தான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, எந்தக் கடை என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.