வலப்பக்கம் தாழ்ந்த ஒலி

பழைய மின்கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்குபவர் அதன் குறைகளையும் சேர்த்தே வாங்குகிறார். அக்குறைகளுள் எது கருவிக்கு உரியது, எது வாங்கியவருக்கு உரியது என்று பிரித்தறிவது எளிதன்று. பெங்களூரில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அது விளங்க நான்கு மாதங்கள் ஆயின.

அவர் வாங்கியது ஒரு வால்வு முன்பெருக்கி. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது பிறக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. ஆற்றல் பெருக்கி ஏற்கும் அளவுக்கு அதனை உயர்த்துவது முன்பெருக்கியின் முதல் வேலை. இரண்டாவது வேலையும் உண்டு. தட்டில் இசையைப் பதிக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றை மிகுத்தும் பதிக்கிறார்கள். அவ்வாறு செய்யாவிடில் பள்ளங்கள் அகன்று தட்டில் இடம் போதாது; உயர்ந்த ஒலிகள் ஊசியின் இரைச்சலில் மறைந்துபோகும். 1954இல் வகுக்கப்பட்ட ஆர்ஐஏஏ வளைகோட்டின்படி, இவ்வேறுபாடு இரு முனைகளிலும் ஏறத்தாழ 20 டெசிபல். முன்பெருக்கி அதனைத் திருப்பிச் சமன்செய்து, பாடியவரின் குரலை மீட்டுத் தருகிறது.

இக்கருவிக்கு நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. மல்லேஸ்வரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர் தம் கையால் கட்டியது. உள்ளே நான்கு இசிசி 83 வால்வுகள், பக்கத்துக்கு இரண்டாக. ஒவ்வொரு கண்ணாடிக் குழலுக்குள்ளும் இரண்டு டிரையோடுகள். ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. நான்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட அந்நிறுவனம் 1961இல் வானொலி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. தம் ஊரில் பிறந்த வால்வுகள் என்பதில் பேராசிரியருக்குத் தனி மகிழ்ச்சி. விலை 18,000 ரூபாய்.

விற்றவர் எதையும் மறைக்கவில்லை. மின்வழங்கியின் இரு மின்தேக்கிகள் மாற்றப்பட்டவை. ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரப்பு எழும். இடப்பக்கத்து வால்வு ஒன்றைப் பென்சிலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். இருபக்க ஒலியைச் சரிசெய்யும் சமநிலைக் குமிழ் ஏன் இல்லை என்று கேட்டபோது, “குமிழ் கூடினால் பழுதும் கூடும், சார்” என்றார்.

பேராசிரியர் தம் ஆய்வகப் பழக்கப்படியே கருவியை ஏற்றார். நெடுநாள் உறங்கிய மின்தேக்கிகள் திடீர் அழுத்தத்தில் வெடிக்கக்கூடும் என்பதால், மாறுமின்மாற்றி வழியாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினார். இருநூறு வோல்ட்டுக்கு மேல் தாங்கும் ஆனோடுகளை அளக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டார். நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதால், அது வடிந்ததை உறுதிசெய்த பிறகே பற்றவைப்புகளைத் தொட்டுப் பார்த்தார். குறிப்பேட்டில் ஒவ்வோர் அளவும் பதிவாயிற்று. பிறகு தம் பழைய டிரான்சிஸ்டர் பெருக்கியின் பின்புறத்தில், முன்பகுதியையும் ஆற்றல் பகுதியையும் சேர்க்கும் உலோகத் துண்டுகளைக் கழற்றிவிட்டு, முன்பகுதியின் இடத்தில் புதிய விருந்தாளியை இணைத்தார்.

முதல் வாரம் முழுவதும் வியப்பு. இரண்டாம் வாரத்தில் ஐயம். நடுவில் நிற்கவேண்டிய பாடகர் இடப்புறமாக நகர்ந்து நின்றார். வலப்பக்கத்து ஒலி தாழ்ந்தும் மங்கியும் இருந்தது. இடவலமாக வால்வுகளை மாற்றிப் பொருத்தியும் பாடகர் நகரவில்லை. எனவே வால்வுகளில் குறையில்லை. வலப்பக்கச் சுற்றில்தான் குறை என்று முடிவுசெய்து, சற்றே கடுமையான கடிதம் ஒன்றை விற்றவருக்கு அனுப்பினார். தெரிந்தே மறைக்கப்பட்ட பழுது என்ற சொற்றொடர் அதில் இருந்தது.

மறுநாளே மெக்கானிக் வந்தார். கருவியை எடுத்துச் சென்று, 1000 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி இருபக்கங்களையும் அளந்தார். வேறுபாடு 0.3 டெசிபல். ஆயினும் வலப்பக்க இணைப்பு மின்தேக்கிகளைத் தம் செலவில் மாற்றித் தந்தார். “அளவு சரியாகத்தான் இருக்கிறது, சார். உங்கள் காதுக்குச் சரியாக இல்லை என்றால் நான் என்ன சொல்வது?” என்றவர், 3,000 ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காது கேட்பதை மீட்டர் சொல்லாது என்று பேராசிரியர் தமக்குள் சொல்லிக்கொண்டார். இசைக்கருவி விற்பவர்கள் அதே சொற்களைச் சொல்லக் கேட்டு வகுப்பில் நகைத்தவர் அவர்.

மின்தேக்கி மாறியும் பாடகர் அசையவில்லை. கருவியை விற்றுவிட எண்ணிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அவர் தமக்கே கற்பித்துக்கொண்டார். முன்பெருக்கியிலிருந்து வெளிவரும் இரு கம்பிகளை இடவலமாக மாற்றினார். குறை முன்பெருக்கியில் இருந்தால் பாடகர் வலப்புறம் தாவியிருக்க வேண்டும், தாவவில்லை. ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் கம்பிகளை மாற்றினார். ஆற்றல் பெருக்கியும் குற்றமற்றது. பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினார், அவையும் குற்றமற்றவை. எஞ்சியவை அறையும் நாற்காலியும்தாம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஒலிபெருக்கிகளுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். பாடகர் அவரைப் பின்தொடர்ந்தார். அறையின் எதிர்ச்சுவர்ப் பக்கம் மாறி, மீண்டும் அவருடைய இடத்தோளின் அருகே நின்றார்.

அவர் எழுந்து பழைய பெருக்கியின் முகப்பைப் பார்த்தார். அதன் சமநிலைக் குமிழ் வலப்புறம் திரும்பியிருந்தது. தூசி துடைக்கும்போது யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று எண்ணியிருந்த குமிழ் அது. நகர்த்தியது அவருடைய கையேதான். பல ஆண்டுகளாக, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக. முன்பகுதியைக் கழற்றி வைத்தபோது அந்த ஈடும் கழன்றுவிட்டது. குமிழ் இல்லாத புதிய கருவி அவர் செவியை உள்ளபடியே காட்டியது.

செவிச் சோதனையில் வலக்காதின் கேட்புத் திறன் 3000 ஹெர்ட்சுக்கு மேல் வெகுவாக இறங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் குறைந்திருந்ததால் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அஞ்சத்தக்கது ஏதுமில்லை. எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்ட கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. இவ்வகைக் குறையில் பேச்சு கேட்கும், சொல் பிரியாது. உரசொலிகளும் மெய்களின் கூர்மையும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் பேசுபவர் வாய்க்குள் முணுமுணுப்பதுபோல் தோன்றும் என்று மருத்துவர் விளக்கினார்.

முணுமுணுப்பு என்ற சொல் அவரை வீடுவரை துரத்தியது. துறையின் கருத்தரங்க அறையில் அவர் அமர்வது வரிசையின் இடக்கோடியில். பேசும் மாணவர் நிற்பது எப்போதும் அவருக்கு வலப்புறம். தம் மதிப்பீட்டுக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினார். ‘சொற்கள் தெளிவாக இல்லை’, ‘உரக்கப் பேசப் பழக வேண்டும்’ என்ற குறிப்புகள் கடந்த மூன்றாண்டுகளில் பெருகியிருந்தன. உடன் அமர்ந்து மதிப்பிட்ட மற்ற இருவரின் தாள்களில் அக்குறிப்புகள் இல்லை. மென்குரல் கொண்ட மாணவி ஒருவருக்கு வெளிப்பாட்டுத் திறனுக்காகப் பத்துக்கு நான்கு வழங்கியிருந்தார். அவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அந்த ஆறு மதிப்பெண்ணை இனி எந்த விதியும் திருப்பித் தராது. பேராசிரியர் துறைத்தலைவருக்கு நடந்ததை எழுத்தில் தெரிவித்து, தாம் அமரும் இடத்தை மாற்றக் கோரினார். மாணவிக்கும் ஒரு கடிதம் எழுதினார். அதை எழுதி முடிக்க முன்பெருக்கியைப் பற்றிய கடிதத்தைவிட வெகுநேரம் பிடித்தது.

இதன் பின்னரே அவர் கருவியை முறையாக மதிப்பிட்டார். பழைய பெருக்கியின் முன்பகுதியையும் வால்வு முன்பெருக்கியையும் வோல்ட்மீட்டர் கொண்டு 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தினார். சிறிது உரக்க ஒலிப்பதை நல்லதென்று மயங்குவது செவியின் இயல்பு. நாணயத்தைச் சுண்டி, தந்தைக்குத் தெரியாமல் மகள் கருவிகளை மாற்ற, 16 முறை எது எதுவென்று சொல்ல முயன்றார். 9 முறை சரியாகச் சொன்னார். தற்செயல் அன்று என்று கொள்வதற்குக் குறைந்தது 12 வேண்டும். பிறகு மகள் கேட்டார், அவருக்கு 8. முதல் வாரத்து வியப்பில் எவ்வளவு வால்வுக்கு உரியது என்ற கேள்விக்கு அவர் குறிப்பேட்டில் விடை எழுதவில்லை. தம் செவியின் அளவுகளை மட்டும் கருவியின் அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தார். கருவியை விற்கவும் இல்லை. இருட்டிய அறையில் நான்கு குழல்களும் மெல்லச் சிவந்து எரிவதைப் பார்த்துக்கொண்டு இசை கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதற்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

மறுவாரம் 3,000 ரூபாயை எடுத்துக்கொண்டு மல்லேஸ்வரம் சென்றார். கடிதத்தில் எழுதிய சொற்றொடருக்காக மன்னிப்புக் கேட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்ட கதையைச் சொன்னார். மெக்கானிக் பணத்தை எண்ணாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எந்தக் காது, சார்?” என்று மட்டும் கேட்டார். சொன்னதும், தம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இடப்பக்கத்தில் போட்டு அமர்ந்து, தேநீருக்குச் சொல்லி அனுப்பினார்.