சுருதி சேராத மின்சாரம்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, யாது எழுதுவதென்று சிறிது மயங்கினோம். கல்லூரித் தாயின் புகழைப் பாடப் புலவர் பலர் உளர். நாமோ பௌதிக ஆய்வுகூடத்தின் பின்வாங்கில் இருந்து பற்றாசுப் புகை முகர்ந்து வளர்ந்தவர். ஆதலின் நமக்குத் தெரிந்த ஒன்றை, ஓர் இசைத்தட்டுப் பொறிக்கு மின்வழங்கி செய்த கதையை, ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எந்தையார் அறுபதுகளிற் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது பெட்டியைத் தூக்க ஆளில்லை. மீண்டு வந்து பார்க்கையில் மூடியில்லாப் பெட்டியினுள் முழுதாய்க் கிடந்தது ஒரேயொரு தட்டு. பெண்மணி ஒருவரின் வாய்ப்பாட்டு. அதனை எம் அன்னையார் பழஞ்சேலையிற் சுற்றி அலுமாரியுள் வைத்தார். கேட்பதற்குப் பொறி இல்லை. கேட்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதுமில்லை.

ஈராண்டுகளுக்கு முன் எம் மூத்த மகன் சுழல்தட்டு ஒன்றும், அதற்குரிய முன்விரியலாக்கி ஒன்றும் அனுப்பினான். ஊசி தட்டிற் படிந்தது, பாட்டு எழுந்தது. எண்பத்தெட்டு வயதான அன்னையார் கண்ணை மூடிக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பாட்டுச் சரி. தம்புரா மீட்டுற ஆளுக்குத்தான் சுருதி சேரேல்லை."

நாம் நகைத்தோம். அன்றிரவு நித்திரை வரவில்லை. அவர் தம்புரா என்று எண்ணியது தம்புராவன்று, மின்சாரத்தின் இரைச்சல். பாடகியார் ஐந்து கட்டைச் சுருதியிற் பாடுகின்றார். அதன் மந்தர ஸட்ஜம் ஏறத்தாழ 98 ஹேட்ஸ். நமது நாட்டு ஆடலோட்டத்தின் மீடிறன் 50. நான்கு இருவாயிகளாற் சீராக்கினால் எஞ்சும் அலைவு 100. இரண்டுக்கும் இடையே உள்ள அச்சிறு பிசகைக் கருவி எதுவுமின்றிக் காதினாற் பிடித்துவிட்டார்.

மின்வழங்கியின் குரல் பாட்டினுட் புகும் என்பதை நாம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின் கொடுத்த தலைமுறையினர் நாம். சுற்றுபவன் வேகம் கூட்டினால் றேடியோவின் உறுமலும் சுருதி ஏறும். அவன் கை ஓய்ந்தாற் செய்தியும் ஓயும். இக்காலத்து மாணவத் தம்பியர் இதனைக் கதையென்று எண்ணவேண்டா.

விடயத்துக்கு வருவோம். ஊசி தரும் சமிக்ஞை 5 மில்லிவோல்ற்று அளவினது. முன்விரியலாக்கி அதனை நூறு மடங்காக்கும். அம்மட்டோ? தட்டிலே தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிவு செய்வது 1954 தொடக்கம் ஏற்கப்பட்ட நியமம். இல்லையேல் தாழ்சுரங்களின் தவாளிப்புகள் ஒன்றையொன்று வெட்டும். ஆகவே வாசிக்கும்போது தாழ்ந்தவற்றை மீளக் கூட்டவேண்டும். 100 ஹேட்ஸில் இக்கூட்டல் நாலரை மடங்கு. 50இல் ஏழு மடங்கு. அதாவது, மின்சாரத்தின் அழுக்கு எங்கே கிடக்கின்றதோ அங்கேதான் இப்பொறி செவியைக் கூர்மையாக்கி வைத்திருக்கின்றது.

உடன் வந்த மின்வழங்கியைத் திறந்தோம். சிறு நிலைமாற்றி, நான்கு இருவாயிகள், 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று. அவ்வளவே. 50 மில்லியம்பியர் ஓடினால், நூறிலொரு செக்கனுக்கொருமுறை அரை வோல்ற்று வரை ஏறியிறங்கும். ஐந்து மில்லிவோல்ற்றுப் பாட்டுக்கு அரை வோல்ற்று அலை! ஆய்வுகூடத்திற் கதோட்டுக்கதிர் அலைவுகாட்டியிலே எம் ஆசிரியர் காட்டிய அதே மலைமுகட்டு வடிவம் கண்முன் வந்தது. கொள்ளளவியைப் பெருப்பித்தால் முகடு தாழும் என்று அவர் சொன்னதை அன்று சோதனைக்காக மட்டும் எழுதினோம்.

புதிதாக ஒன்று செய்தோம். 24 வோல்ற்று நிலைமாற்றி. 4700 மைக்ரோபரட் கொள்ளளவி. அதன்பின் வோல்ற்றளவை அசையாது நிறுத்தும் எல்.எம். 317 என்னும் மூன்றுகாற் சில்லு. அதன் சீர்செய் காலிலே 10 மைக்ரோபரட் ஒன்றை வைத்தால், எஞ்சிய அலைவு பத்தாயிரத்தில் ஒரு பங்களவுக்கு ஒடுங்கும். (நிலைமாற்றியின் முதற்சுற்றில் 230 வோல்ற்று உயிர்கொல்லி. செருகியைக் கழற்றாது கைவைக்கும் வீரம் வீரமன்று.)

இவ்வளவு செய்து, அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே பலகைப்பெட்டியுள் அடைத்து, முன்விரியலாக்கியின் கீழே வைத்தோம். இரைச்சல் முன்னையிலும் பெரிதாயிற்று. அன்னையார் ஒன்றும் சொல்லாது எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

நிலைமாற்றி பெரிதெனின் அதன் காந்தப்புலமும் பெரிதன்றோ! அது கம்பிவழி வராது, காற்றுவழி வந்து ஊசியின் சுருள்களிலே தூண்டல் செய்திருக்கின்றது. பரீட்சையில் தூண்டலுக்கு முழுப்புள்ளி வாங்கியவர் நாம். வீட்டில் அதனை மறந்தோம். பெட்டியைப் பிரித்து, மின்வழங்கியை மூன்றடி தள்ளி நிலத்தில் வைத்தோம். இரைச்சல் போயிற்று, மெல்லிய ஒரு முனகல் மட்டும் நின்றது. அதற்குக் காரணம் தேடி இரு வாரங்கள் கெட்டன. ஈற்றில், சுழல்தட்டிலிருந்து வந்த புவித்தொடுப்புக் கம்பி முன்விரியலாக்கியின் திருகாணியில் மாட்டப்படாமல் மேசைக்குப் பின்னே தொங்கக் கண்டோம். ஒரு சதமும் செலவில்லாத வேலை. இதனை முதலிற் செய்திருந்தால் இக்கட்டுரை பாதியாய்க் குறைந்திருக்கும்.

அன்று மாலை அன்னையாரை மறுபடியும் அழைத்திருத்தினோம். பாட்டுக்கு முன் மெய்யான தம்புரா கேட்டது. அது தட்டில் இருந்ததையே நாம் அதுவரை அறியோம். அனுபல்லவியிற் போகும்போது, முன்னர் இரைச்சலுள் அமிழ்ந்திருந்த கீறல் ஒன்று, தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறையாக, மெல்ல 'டிக்' என்றது. பொறியிற் பிழையோ என்று எழுந்தோம்.

அன்னையார் கையைக் காட்டி இருத்தினார். "அதை விடு. உன்ரை தங்கச்சி பிறக்கிற அண்டு, எனக்கு நோவெண்டு கூப்பிட, ஐயா அவதியிலை ஊசியைத் தூக்கினவர். அந்தக் கீறல்."

தட்டு முடிந்தது. திருப்பிப் போடச் சொன்னார்.