வசனம் எங்க போச்சு?

பெரியப்பா வீட்டு ரெக்கார்டர்ல நேத்து ஒரு பழைய படம்.
மழை கொட்டுது, இசை அதிருது. பேசுறவர் குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது.
பெரியப்பா தன் காதுதான் போச்சுன்னு நினைச்சு, பாவம், வால்யூமைக் கூட்டிக்கிட்டே இருந்தாரு.

காது நல்லாத்தான் இருக்கு. ரெக்கார்டருக்காகப் பட ஃபைலை மாத்தின விதம்தான் சரியில்ல.

5.1 ஒலியில ஆறு தடம். முன்னாடி இடது, வலது, நடு. சுத்தி ரெண்டு. அடி அதிர்வுக்கு ஒண்ணு.
வசனம் பெரும்பாலும் அந்த நடுத் தடத்துலதான் இருக்கும்.
ஸ்டீரியோவா சுருக்கும்போது நடுவை ரெண்டு பக்கமும் சரியான அளவுல கலக்கலேன்னா, பேச்சு அமுங்கிடும்.
எத்தனை வீட்டுல பெரியவங்க இப்படிப் பாதி படம் பாக்குறாங்களோ!

மாத்துறதுக்கு முன்னாடி மீடியாஇன்ஃபோ மென்பொருள்ல ஒலி எந்த வகைன்னு ஒரு தடவை பாத்துடுங்க.
ஒலி ஏற்கெனவே ஏசி3-ன்னா தொடவே வேணாம். வீடியோவை மட்டும் மாத்தி, ஒலியை அப்படியே காப்பி பண்ணுங்க.
டிடிஎஸ்ஸா இருந்து ரெக்கார்டர் ஏத்துக்கலேன்னா, ஏசி3, ஆறு தடம், 48 கிலோஹெர்ட்ஸ், 448 கேபிபிஎஸ்-னு வெச்சு மாத்துங்க. டிவிடியில வர்ற அளவுதான், தாராளமாப் போதும்.

உங்க வீட்டு ரெக்கார்டர் டிடிஎஸ்ஸை நேரடியா ஏத்துக்குதா? எந்த மாடல்?