கறுப்புப் புகை

நாம் மருதானையில் சிறுவராய் வளர்ந்த காலத்தில், எமது சித்தப்பா படலையைத் திறக்குமுன்னரே அவருடைய மணம் வீட்டுக்குள் வந்துவிடும். நிலக்கரியும் எண்ணெயும் வியர்வையும் கலந்த மணம் அது. 1930களின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புகையிரதப் பகுதியில் இயந்திரம் துடைக்கும் 'கிளீன'ராகச் சேர்ந்தவர், பின்னர் நெருப்புப் போடும் 'பயர்ம'னானார். சாரதியாவதே அவர் கனவு.

நீராவி இயந்திரத்தை நினைத்தவுடன் ஓட்டிவிட முடியாது. குளிர்ந்த கொதிகலனை அவசரமாகச் சூடாக்கினால் தகடுகளும் குழாய்களும் சீராக விரியாமல் கெட்டுப்போகும். ஆதலின் பல மணி நேரம் முன்னரே நெருப்பு மூட்டவேண்டும். ஊர் உறங்கும்போது கொட்டகையில் ஒருவன் விழித்திருந்தாற்றான் விடியற்கால வண்டி புறப்படும். அந்த ஒருவர் பல இரவுகளில் எமது சித்தப்பாவே.

அவர் வேலை செய்த இயந்திரங்களுள் 251ஆம் இலக்கமும் ஒன்று. 1920களில் இங்கிலாந்திலே செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், பின்னே ஆறு பெருஞ் சக்கரங்கள். பக்கத்தில் 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்' என்ற பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையை ஆண்ட தேசாதிபதி அவர். அந்தப் பெயர்த்தகட்டைத் துலக்கித் துலக்கியே தமது கைரேகை அழிந்துவிட்டதென்று சித்தப்பா சொல்லுவார். துலக்கியவன் பெயரை யார் தகட்டில் எழுதுவார்?

மலைநாட்டுப் பாதையில் றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் ஏறத்தாழ 45 அடி ஓடினால் ஓரடி உயரவேண்டும். பின்னால் இன்னோர் இயந்திரம் நின்று தள்ளும். வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறிப் பாயும்போது, உலைக்குள் காற்றையும் இழுத்துக்கொள்ளும். இயந்திரம் எவ்வளவுக்குப் பாடுபடுகிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் பசிக்கும். இந்நாட்டில் நிலக்கரி கிடையாது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கரியைச் சவளால் அள்ளி, மெல்லிய படையாகப் பரப்பவேண்டும். குவித்தால் காற்றுப் போகாது; புகை கறுக்கும்; அமுக்கம் இறங்கும். அதனிடையே நீர்மட்டக் கண்ணாடியிலும் ஒரு கண் வேண்டும். உலையின் கூரைத் தகட்டுக்குக் கீழே நீர் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சித்தப்பாவின் வலக்கை முழங்கைவரை வெந்த தழும்புகள்; வலச்செவி முற்றாக மந்தம்.

1954ஆம் ஆண்டளவில் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்தன. தேசாதிபதிகளின் பெயர்கள் போய், அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் வந்தன. (எம்மவர் பிள்ளைகள் பிற்காலத்தில் அதே ஒன்ராறியோவிற் போய்க் குடியேறுவார்கள் என்று அன்று யார் கண்டார்!) 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக்கும் நெருப்புப் போட ஆள் வேண்டியதில்லை. சித்தப்பா ஒருவாறு சாரதியானபோது, அவருக்குக் கிடைத்தது யாட்டிலே பெட்டிகளை மாற்றிக் கோக்கும் ஒரு கிழட்டு நீராவி இயந்திரம். மலையேறும் வண்டியை அவர் ஒருநாளும் ஓட்டவில்லை. அதைப்பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை.

உல்லாசப் பயணிகளுக்காக 1986இல் 'வைஸ்ரோய்' என்ற விசேட வண்டி தொடங்கியது. 251ஐயும் பழுதுபார்த்து அதிற் பூட்டினார்கள். அடுத்த ஆண்டுகளில் ஒருநாள், ஓய்வுபெற்றிருந்த சித்தப்பாவை மருதானை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். வெள்ளைக்காரப் பயணிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணீர் விடுவார் என்றெண்ணிக் கைக்குட்டையுடன் நின்றோம். சித்தப்பாவோ பெயர்த்தகட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. புகைபோக்கியையே நோக்கி நின்றவர், எரிச்சலோடு சொன்னார்:

"தம்பி, புகை கறுப்பாப் போகுது. காத்துக் காணாது. அந்தப் பெடியனுக்கு ஆராவது சொல்லுங்கோவன்."

வண்டி நகர்ந்தது. நாம் போவோமென்று அழைத்தும், தூரத்திலே புகை வெளுக்கும்வரை அவர் மேடையை விட்டு அசையவில்லை.